முதியோர் இல்லத்துச் சமையல்கட்டு: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட முதல் நாள் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம், பாத்திரம் தேய்க்கும் தொட்டி. யார் தட்டில் என்ன மிஞ்சி வருகிறது என்று மூன்று நாள் பாருங்கள். அதுவரை பட்டியலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய பெரிய வீட்டில் நடக்கும் இல்லத்தில் சில வருஷங்களாகச் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 25 பேர். நான் சேர்ந்தபோது சுவரில் அழகான அட்டவணை ஒன்று தொங்கியது. திங்கள் கீரை, செவ்வாய் சுண்டல், புதன் முட்டை. படித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. தொட்டிக்குப் போனால் கீரை அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. முற்றிய தண்டோடு நறுக்கிய கீரையைப் பல்லில்லாத வாய் என்ன செய்யும்? சுண்டல் டம்ளரில் ஒளிந்து வரும். முட்டையில் மஞ்சள் கரு மட்டும் மிஞ்சும், தொண்டையில் ஒட்டுகிறதாம். சத்து எல்லாம் அட்டவணையில் இருந்தது, வயிற்றுக்குள் போகவில்லை. வயிற்றுக்குள் போனதைத்தான் நான் சாப்பாடு என்று கணக்கில் எடுக்கிறேன்.

சரி, வரிசையாகப் போவோம்.

ஆளுக்கு ஒரு பக்கம்

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், வயது, எடை, என்ன நோய், என்ன மாத்திரை, எந்த வேளைக்கு, பல் உண்டா, பல்செட்டா, வெறும் ஈறா. சைவமா அசைவமா என்பதைக் குடும்பத்தைக் கேட்டு எழுதாதீர்கள், அவரையே கேளுங்கள். எங்கள் ஊரில் ஆயுசு முழுக்கக் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, வயதான பிறகு தீட்சை வாங்கிக்கொண்டு முட்டைகூடத் தொடாதவர்கள் உண்டு. மகன் சிங்கப்பூரிலிருந்து “அம்மாவுக்கு மீன் ரொம்பப் பிடிக்கும்” என்பார். அது இருபது வருஷத்துக்கு முந்தைய அம்மா.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு கேள்வி. வீட்டில் காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்? உடம்பு சரியில்லாதபோது யார் என்ன செய்து கொடுப்பார்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பொன் மாதிரி. அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்ட ஒரு நாளில், ஜீரக ரசமோ பூண்டுக் கஞ்சியோ வறுத்த சுண்டைக்காயோ, அதைச் செய்து நீட்டினால் வாய் திறக்கும்.

ஒவ்வொரு வேளையும் பரிமாறுகிறவர் அந்தப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும்: முழுசு, முக்கால், அரை, கால், இல்லை. ஐந்தே சொல். “சுமாராகச் சாப்பிட்டார்” என்று எழுத விடாதீர்கள், அதைப் படித்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

புரதத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

வயதானால் பசி குறைகிறது, அதனால் சத்துத் தேவையும் குறைந்துவிடும் என்று நினைப்பார்கள். சோற்றின் தேவை குறைவது உண்மைதான், அறுபதைத் தாண்டியவருக்கு நாளுக்கு 1,500 முதல் 1,700 கலோரி போதும். புரதம் அப்படியில்லை. நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்தவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்று கணக்குச் சொல்வார்கள். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பதுதான் இன்று முதியோர் மருத்துவத்தில் சொல்லப்படுவது. தசை கரைவதைத் தடுக்க வேறு வழியில்லை. தசை கரைந்தால் கால் தடுக்கும், விழுந்தால் இடுப்பு எலும்பு, அப்புறம் படுக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு, மருத்துவர் சொல்வதே அளவு.

50 கிலோ எடையுள்ள ஓர் ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். இதை எங்கிருந்து எடுப்பது? அரை டம்ளர் பாலை 150 மில்லி என்று வைத்துக்கொண்டால் 5 கிராம். ஒரு முட்டையில் 6. வேகாத பருப்பு 30 கிராமில் 7, அதே அளவு கொண்டைக்கடலையில் 6. ஒரு கிண்ணம் தயிரில் 3. ஒரு வேளைச் சோற்றில் 5 அல்லது 6. காலையும் இரவும் பால், காலையில் மூன்று இட்லியோடு கெட்டிச் சாம்பார், மதியம் பருப்பும் தயிரும், ஒரு முட்டை, மாலையில் சுண்டல், இரவில் தோசை. இத்தனையும் கூட்டினால்தான் ஐம்பதைத் தொடும். எங்கேயாவது ஒன்று விட்டுப்போனால் எட்டாது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்குச் சில பலகாரங்கள் மேல் இருந்த மயக்கம் போய்விட்டது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் மெத்தென்று இருக்கும், பெரியவர்களுக்கு ரொம்ப இஷ்டம். ஆனால் அதில் புரதம் மிகக் கொஞ்சம். அதை நிறுத்த வேண்டாம், பக்கத்தில் பாசிப்பருப்புக் குழம்போ சொதியில் கரைத்த பருப்போ வையுங்கள். ரசஞ்சோறும் அப்பளமும் இரவு உணவாக வாரம் முழுக்கப் போகிற இல்லங்கள் உண்டு. வேலை சுலபம், பெரியவர்களும் மறுக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் வளையல் முழங்கையை நோக்கி நழுவும்.

25 பேருக்கு மதியம் பருப்பு ஆளுக்கு 30 கிராம் என்றால் முக்கால் கிலோ. தராசில் நிறுத்துப் போடுங்கள். ஆழாக்கு, கைப்பிடி என்று சமையல்காரர் கண்ணால் அளந்தால் மாதக் கடைசியில் அந்தக் கைப்பிடி சுருங்கும். பணம் குறையும்போது முதலில் மெலிவது பருப்புதான், கவனமாக இருங்கள்.

கஞ்சி பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு தளர்ந்தவர்களுக்குக் கஞ்சி என்று நாம் கொடுப்பதில் பெரும்பாலும் தண்ணீர்தான். அரிசியோடு பாதிக்குப் பாதி பாசிப்பருப்பை வறுத்துப் போட்டுக் குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரு மேசைக்கரண்டி பால்பவுடரும் ஒரு தேக்கரண்டி நெய்யும் கலந்தால் அதே கிண்ணத்தில் இரண்டு மடங்கு சத்து. கிண்ணத்தின் அளவு கூடவில்லை, அதுதான் முக்கியம். கால் கிண்ணத்துக்கு மேல் சாப்பிட முடியாதவருக்கு அந்தக் கால் கிண்ணம் கனமாக இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பலகாரங்களே நல்ல உதவி. ஆடி மாதக் கும்மாயம் உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். மெல்ல வேண்டிய வேலையே இல்லை. இளைத்துப்போனவர்களுக்கு வாரம் இரண்டு நாள் மாலையில் கொடுக்கிறேன். கொஞ்சம் தளர்வாகக் கிளற வேண்டும், கெட்டியானால் மேலண்ணத்தில் ஒட்டும். கவுனி அரிசி நார்ச்சத்துள்ளது, ஆனால் அதன் தோல் முரடு. முதல் நாள் இரவே ஊறப்போட்டுக் குக்கரில் குழைய விட்டாலும் ஈறுக்கு அடங்காது. பல் இல்லாதவர்களுக்கு ஊறிய அரிசியை அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சுங்கள், நிறமும் மணமும் அப்படியே இருக்கும். கேப்பையை மறக்காதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. மோர் விட்டுக் கரைத்த கேப்பைக் கூழை “சம்சாரி வீட்டுச் சாப்பாடு” என்று முகம் சுளித்த ஐயா ஒருவர் இப்போது இரண்டாவது டம்ளர் கேட்கிறார்.

வெள்ளைப் பணியாரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆளுக்கு மூன்று, புது எண்ணெயில். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

உப்பு ஜாடி

ஒரு நாளுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை. 25 பேருக்கு 125 கிராம். இதைச் சமையல்காரரிடம் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. காலையில் நான் செய்வது இதுதான்: ஒரு சின்ன ஜாடியில் 100 கிராம் நிறுத்துப் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன். இட்லி மாவு முதல் ரசம் வரை அன்றைக்கு அவ்வளவுதான். மீதி 25 கிராம் அப்பளம், ஊறுகாய், வற்றல், கடையில் வாங்கும் பொருள்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் உப்புக்கு. பெரிய உப்பு டப்பா அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

முதல் வாரம் கலகம் நடக்கும், தயாராக இருங்கள். “ஏத்தா, இது குழம்பா கழுநீரா?” என்று என்னைக் கேட்டார் ஓர் அப்பத்தா. நியாயமான கேள்வி. அறுபது வருஷம் வரமிளகாயும் சோம்பும் கல்பாசியும் போட்ட குழம்பு தின்ற நாக்கு அது. உப்பைக் குறைக்கிறோம் என்று மசாலாவையும் குறைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. வயதானால் நாக்கும் மூக்கும் மந்தமாகும், மணம் கூடத்தான் வேண்டும். மிளகு, சீரகம், சோம்பு, பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கடைசியில் கொஞ்சம் எலுமிச்சை. புளிப்பும் மணமும் இருந்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. காரத்தை மட்டும் மிளகாயிலிருந்து மிளகுக்கு மாற்றுங்கள். மசாலாவை அன்றன்றைக்கு வறுத்து அரைத்தால் பாதி வேலை முடிந்தது. அரிசி களைந்த கழனித் தண்ணீரில் செய்யும் வெண்டைக்காய் மண்டி போன்ற புளிப்புப் பண்டங்களில் உப்பு தூக்கலாக நிற்கும். அதைச் செய்கிற நாளில் அப்பளம் கிடையாது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

இரண்டு எச்சரிக்கை. கடையில் “குறைந்த சோடியம்” என்று விற்கிற உப்பில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அடுத்தது, யாருக்கும் நீங்களாகவே உப்பை அடியோடு நிறுத்தாதீர்கள். நீர் பிரிவதற்கு மாத்திரை எடுக்கிற முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, திடீரென்று பேச்சு குழறும், ஆள் தெரியாமல் போகும்.

எண்ணெய்க்கும் இதே ஜாடி முறைதான். 25 பேருக்கு நாளுக்கு 600 கிராம், தாளிப்பிலிருந்து தோசைக்கல் வரை.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனிச் சமையல் வேண்டாம்

ஒரே குழம்பு, ஒரே பொரியல். சோற்றின் அளவும் காய்கறியின் அளவும்தான் மாறும். தட்டில் பாதி காய், கால் சோறு, கால் பருப்போ முட்டையோ மீனோ. தனியாக ஓர் ஓரத்தில் உட்கார்த்திக் கோதுமைக் கஞ்சி ஊற்றினால் மனம் விட்டுப்போகும். அறுபத்தைந்து வயதில் திடகாத்திரமாக நடமாடுகிறவருக்குக் கட்டுப்பாடு தேவை. தொண்ணூறை நெருங்கி, எடை குறைந்துகொண்டே வருகிறவருக்கு அதே கண்டிப்பு கெடுதல். அவர்களுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதை இன்று மருத்துவர்களே ஏற்கிறார்கள், கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் ஊசி போடும் இடத்தில் மட்டும் துளியும் தளர்த்தக் கூடாது. ஒரு நாள் காலை ஊசி போட்டாயிற்று, கேஸ் தீர்ந்துபோய் இட்லி இறங்க முக்கால் மணி நேரம் தாமதம். ஓர் ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என்னைப் பார்த்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் விதி: இட்லி இறக்கியாயிற்று என்று சமையல்கட்டிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் நர்ஸ் ஊசியை எடுப்பார். இரண்டாவது சிலிண்டர் எப்போதும் நிறைந்திருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டப்பா சர்க்கரையும் ஒரு தேக்கரண்டியும் கையெட்டும் தூரத்தில். சர்க்கரை தாழ்ந்து, நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ்.

நேரம்

எங்கள் நேரம்: 5.30க்குக் காபி அல்லது பால், 7.30க்குக் காலைப் பலகாரம், 10.30க்கு மோரோ பழமோ, 12.30க்குச் சாப்பாடு, 3.30க்கு இடைப்பலகாரம், 7 மணிக்கு இரவு உணவு, 9 மணிக்குப் பால். பல இல்லங்களில் வேலையாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று 5.30க்கே இரவு உணவு முடிந்துவிடும். மறுநாள் 8 மணி வரை பதினாலரை மணி நேரம் வெறும் வயிறு. ராத்திரி தூக்கம் வராமல் நடமாடி விழுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பசி என்பது என் சந்தேகம். ஊழியர் நேரத்தை மாற்ற முடியாவிட்டால் அந்த 9 மணிப் பாலையாவது விடாதீர்கள்.

மாத்திரைகளும் சாப்பாட்டோடு மோதும். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி கூடாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீ, காபிக்கும் ஆகாது. நடுக்குவாதத்துக்கு லெவோடோபா எடுக்கிறவர்களுக்குப் புரதம் அந்த மருந்தைத் தடுக்கும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுத்தால் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் எடுத்தவர்களுக்கு பி12 வைட்டமின் குறைய வாய்ப்பு உண்டு. அவர் சுத்தச் சைவம் என்றால் மருத்துவரிடம் ஞாபகப்படுத்துங்கள். இதையெல்லாம் சமையல்காரர் மனப்பாடம் செய்ய வேண்டாம். நோட்டில் அந்தந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி.

மெல்லுவதும் விழுங்குவதும்

அவசரப்படக் கூடாத பகுதி இது. சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, ஒரு கவளத்தை வாயிலேயே வைத்திருப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். இவற்றில் ஏதாவது தெரிந்தால், குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களிடம் தெரிந்தால், மருத்துவரிடம் சொல்லி விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய் நிமோனியா வருவது இப்படித்தான்.

புதியவர்களுக்கு ஆச்சரியம் தருவது, இவர்களுக்கு மிகக் கஷ்டமான பொருள் பச்சைத்தண்ணீர் என்பது. சோறு நிற்கும், தண்ணீர் ஓடிவிடும். அதைவிட மோசம், கட்டியும் நீரும் கலந்தது. ரசத்தில் மிதக்கும் சோறு அந்த வகைதான். நாம் பாசத்தோடு “ரசம் விட்டுக் கரைத்துத் தாரேன்” என்போம், அவருக்கு அதுதான் புரையேறும். சோற்றைப் பருப்போடு குழைய மசித்து, ஒரே பதமாக, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல நழுவும்படி கொடுங்கள். உலர்ந்த இட்லி உதிரும், சாம்பாரில் நன்றாக ஊறட்டும். மெல்லத் தெரியும், ஆனால் பல் இல்லை என்பவர்களுக்கு முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு இடையே உள்ள சந்து அளவு, அதாவது 4 மில்லிமீட்டர், நறுக்கி ஈரமாக வைப்பது ஒரு கணக்கு. முழுக் கடலை, முறுக்கு, தேங்காய்ச் சில், தாளித்த கறிவேப்பிலை எல்லாம் விலக்கு. பானத்தை எவ்வளவு கெட்டியாக்குவது என்பதைப் பரிசோதித்தவர் சொல்வார், நாமாக மாவைக் கரைத்துவிடக் கூடாது.

மிக்ஸியில் அரைக்க வேண்டியவர்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடிக்காதீர்கள். காரட் தனி, பருப்பு தனி, சோறு தனி. மூன்று நிறத்தில் மூன்று குவியல் வைத்தால் அது சாப்பாடு. ஒன்றாக அடித்த சாம்பல் நிறக் கூழை நான் ஒரு வாய் தின்று பார்த்தேன், நீங்களும் ஒரு முறை தின்று பாருங்கள்.

ஊட்டும்போது நிற்காதீர்கள், எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்து கிடக்கும். முதுகு நேராக, தாடை சற்றுக் கீழே, கரண்டியில் பாதி. முதல் வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டு அடுத்தது. முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

பல்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்கு நடுவில் கழற்றி இலையில் வைப்பார்கள், இலையை மடிப்பார்கள், இலை தொட்டிக்குப் போகும். குப்பையைக் கிளறி எடுத்த பெருமை எனக்கு உண்டு. இலை எடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்குப் பூப்போட்ட தட்டு வேண்டாம், பூவைக் கிள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். எங்கள் தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், அதிலேயே குனிந்து பூப்பறிக்கும் ஆச்சி ஒருவர் உண்டு. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நான் வாழை இலைக்கு மாறினேன். பச்சையில் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது, எந்த மூலையில் என்ன இருக்கும் என்பது அவர்கள் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார மாட்டேன் என்பவர்களுக்குக் கையில் பிடித்துத் தின்ன இட்லித் துண்டு, மெது கொழுக்கட்டை, வாழைப்பழம்.

தண்ணீர்

வயதானால் தாகம் தெரியாது. தெரிந்தாலும் ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று குடிக்க மாட்டார்கள். “தண்ணி குடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் குடிப்பதில்லை. 150 மில்லி டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்து, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு நகருங்கள். பகலில் எட்டு முறை, இரவு உணவுக்குப் பிறகு மிகக் குறைவாக. நீர்மோர், பானகம், வடித்த ரசம் எல்லாம் கணக்கில் சேரும். சித்திரை, வைகாசியில் இரண்டு முறை கூட்டுங்கள். இதயம், சிறுநீரகம் தளர்ந்து நீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்களின் டம்ளரில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அவர்களில் பொட்டாசியம் கூடாதவர்களுக்கு இளநீரும் கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் இளநீரோடுதான் வருவார்கள், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் சாப்பாடு

முன் அனுபவம் இல்லாதவர்கள் தடுமாறுவது இங்கேதான். கல்யாண வீட்டில் மீந்த சாப்பாட்டை மூன்று மணிக்கு வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நல்ல மனசோடுதான். ஆனால் காலை பதினொன்றுக்கு இறக்கிய கூட்டும் பாயசமும் அது. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம். ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இளவயதுக்காரருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு, எண்பது வயதுக்காரருக்கு ஆஸ்பத்திரி. நான் ஒரு முறை முகதாட்சண்யத்துக்காக வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் பெட்பேன் தூக்கினேன்.

இப்போது பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: பொருளாகக் கொடுங்கள், எங்கள் அடுப்பில் சமைக்கிறோம், நீங்கள் வந்து பரிமாறுங்கள். பருப்பு, முட்டை, பால்பவுடர், நல்லெண்ணெய் என்று பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறேன். புதுவயல் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள் மூட்டையாகவே இறக்கிவிடுவார்கள். நாள்காட்டியில் ஒரு நாளுக்கு ஒருவர் மட்டும். இல்லாவிட்டால் ஒரே நாளில் மூன்று வீட்டுப் பாயசம், அடுத்த பத்து நாள் ஒன்றுமில்லை.

பழைய சோறு கேட்பார்கள். வீட்டில் சாப்பிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அதைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் 25 பேருக்குச் சமைத்த சோறு இரவெல்லாம் வெளியில் கிடப்பதை இல்லத்தில் அனுமதிப்பதில்லை. சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் வடித்த சோற்றை ஆறவிட்டு, மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு தருகிறேன். “இது பழசில்லை” என்று கண்டுபிடித்துவிடுவார்கள், சாப்பிடவும் செய்வார்கள்.

சமைத்ததில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டப்பா எடுத்துத் தேதி ஒட்டி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள், யாருக்காவது ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, சமைப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி, தண்ணீர்ப் பரிசோதனை. இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெரிய வீடுகளில் இன்னொரு தொல்லை, தூரம். அடுப்பு இரண்டாங்கட்டில், படுக்கையில் இருப்பவர்கள் முகப்பை ஒட்டிய அறைகளில். நடுவில் வளவு என்கிற முற்றம், மூன்று உயரமான நிலைப்படி. தள்ளுவண்டி ஏறாது. ஆளுக்கொரு தூக்கில் ஊற்றி, மூடி, முதலில் அவர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் கூடத்தில் பந்தி போடுவோம்.

எடை

மாதம் ஒரு முறை, ஒரே தேதி, காலைப் பலகாரத்துக்கு முன். நோட்டில் ஏற்றுங்கள். ஒரு மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, ஆறு மாதத்தில் பத்துப் பங்கு தானாகக் குறைந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 50 கிலோ ஆச்சி ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்தால் “வயசாயிருச்சு” என்று விட்டுவிடாதீர்கள். பல் வலியா, மலச்சிக்கலா, புது மாத்திரையா, வாய்ப்புண்ணா, மகன் போன் பண்ணாததா என்று பாருங்கள். நிற்க முடியாதவர்களுக்குத் தையல் டேப்பால் மேற்கையின் நடுவில் சுற்றளவு எடுங்கள். 23.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு என்று கொள்ளலாம், மாதா மாதம் குறைகிறதா என்பது அதைவிட முக்கியம்.

விரத நாளும் விசேஷ நாளும்

கார்த்திகை, சஷ்டி என்று ஒரு பொழுது இருப்பார்கள். தடுத்தால் ஒளித்து இருப்பார்கள். ஒரு வாரம் முன்னாலேயே யார் யார் என்று கேட்டு, ஊசி, மாத்திரை அளவை மருத்துவரிடம் பேசி, பால், பழம், அவல் என்று விரதத்துக்கு ஆகும் உணவை நேரம் தவறாமல் கொடுங்கள்.

திருக்கார்த்திகை கழிந்து இருபத்தொன்றாம் நாள், நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு. இருபத்தொரு நூல் இழையைத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்ளாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை என்று சொல்லும் இரண்டு பேர் எங்களிடம் விழுங்க முடியாதவர்கள் பட்டியலில் இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் முடியாது. வயதில் மூத்த ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “சுடரைக் கண்ணால எடுத்துக்கட்டும், மாவை நீ கரைச்சுக் கொடு” என்றார். இழையை ஏற்றி அவர்கள் முகத்துக்கு நேரே காட்டி, கும்பிட்ட பிறகு அணைத்து எடுத்துவிட்டு, வெல்ல மாவை நெய்யும் வெதுவெதுப்பான பாலும் விட்டு அவர்களுக்குச் சொல்லியிருந்த பதத்துக்குக் குழைத்து, அரைக் கரண்டி அரைக் கரண்டியாக ஊட்டினோம். அன்றைக்கு நோட்டில் இரண்டு பேருக்கும் “முழுசு”.